போலெத்தே கேட்ட காற்று

வடக்குப் பனிக்கடலோரத்துக் கங்கார்சுக்கில் மொத்தம் பதினொரு வீடு. பதினொன்றுக்கும் கடலைப் பார்த்த ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு பெண்பிள்ளை. அதனால் யுஸ்தூஸ் ஒற்றை ஆள் தோல்படகான கயாக் ஒன்றைப் புதுசாகக் கட்டப் போகிறான் என்கிற சேதி, அவன் முதல் கட்டையை இழைப்பதற்கு முன்பே ஊர் சுற்றி முடித்திருந்தது. கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டவள் அவன் பெண்டாட்டி போலெத்தே ஒருத்திதான். அவளுக்கும் புருஷன் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அபெலோனெ சொன்னாள்.

"ஏன்டி, உம் புருஷன் மறுபடி கயாக் கட்டுறானாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு என் ஜன்னலைத் தாண்டித்தானே போனான். அடுப்பெரிக்கிற கட்டையை எவனாச்சும் அப்படித் தடவிப் பாத்துக்கிட்டே போவானா? கல்யாணத்தன்னைக்கு உன்னைக்கூட அப்படித் தடவியிருக்க மாட்டான்."

போலெத்தே சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கரையில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருந்தவனை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளும் கங்கார்சுக்காரிதானே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலைப் பகலில் யுஸ்தூஸுக்கு அது வந்தது. காற்று துளி இல்லை. கடல் கண்ணாடி. வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத வெளிச்சம். அந்த மாதிரி நாளில், தூண்டில் கயிற்றைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷனைத்தான் அது பிடிக்கும். முதலில் கயாக்கின் மூக்கு மேலே எழும்புவதாகத் தோன்றும். பிறகு கயாக்கே கத்தி அகலத்துக்கு ஒடுங்கும். காலிலிருந்து தண்ணீர் ஏறுவது போல ஜில்லென்று வரும், ஆனால் உள்ளே ஒரு சொட்டு இருக்காது. துடுப்பைப் பிடித்த கை பிடித்தபடியே மரத்துவிடும். திரும்பினால் கவிழ்ந்தோம் என்று தோன்றும், அப்படிக் கவிழ்ந்து போனவர்களும் உண்டு. இன்னொரு ஆள் வந்து கயாக்கைத் தொட்டால் போதும், விட்டுவிடும். தொடுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அலையடிக்கிற நாளில் அது வருவதில்லை. அலையோடு மல்லுக்கட்டவே மனுஷனுக்கு நேரம் சரியாக இருக்கும்.

அன்றைக்கு அண்ணன் கெர்த் பக்கத்தில் இருந்தான், தொட்டான், கூட்டி வந்தான். அதோடு சரி. யுஸ்தூஸ் அதற்குப் பிறகு கயாக்கில் கால் வைக்கவில்லை. மீன் கொட்டகையில் பெண்களோடு நின்று காட் மீன் வகிர்ந்து உப்புப் போடும் வேலைக்குப் போனான். கொட்டகைப் பெண்களுக்கு அவன்மேல் ஒரு புகாரும் இல்லை. வேகமான கை, கேட்ட வம்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிற வாய். ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் கரையேறி வரும்போது, அவன் மட்டும் கொட்டகைக்குப் பின்பக்கம் போய் எதையாவது கழுவிக்கொண்டிருப்பான். கழுவ ஒன்றுமில்லாவிட்டால் கழுவினதையே கழுவுவான். பழைய கயாக்கின் தோலைப் போலெத்தே இரண்டாவது குளிர்காலத்தில் அறுத்துப் பூட்ஸுக்கு அடித்தோல் தைத்தாள். அவன் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

இரண்டு வருஷமும் வீட்டுக்குச் சீல் என்கிற கடல்நாயின் கறி வந்தது கெர்த்தின் கையால். விளக்குக்கு எண்ணெய், காலுக்குத் தோல், எல்லாம் அவன் பங்கு போட்டுக் கொடுத்ததுதான். இப்போது கெர்த், பெண்டாட்டி மக்ரேத்தெயின் ஊருக்கே குடிபோகிறான். செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறான். அவன் தம்பியிடம் சொன்னது ஊருக்கே கேட்டது, கெர்த்துக்கு மெதுவாகப் பேச வராது.

"நீயும் வந்துரு. அங்க எங்க வீட்டுலயே ஒரு மூலையில கிடக்கலாம். இல்லைன்னா குளிர்காலத்துல கடை ரொட்டியும் காபியும்தான். ரொட்டியைக் கால்ல மாட்டிக்க முடியாதுடா."

மறுநாள்தான் யுஸ்தூஸ் கட்டையைத் தூக்கிக்கொண்டு அபெலோனெயின் ஜன்னலைத் தாண்டிப் போனான்.

கயாக்கின் மரக்கூடு தயாரானதும் தோல் தைக்க நான்கு பெண்கள் கூடினார்கள்: போலெத்தே, அபெலோனெ, மக்ரேத்தெ, உபதேசியார் பெண்டாட்டி ரெகினெ. மயிர் நீக்கி ஊறவைத்த சீல் தோலை ஈரத்தோடு கூட்டின் மேல் இழுத்துப் போர்த்தி, காய்வதற்குள் நரம்பு நூலால் தைத்து முடிக்க வேண்டும். வாசலில் பாறைமேல் கவிழ்த்துப் போட்ட கயாக், சுற்றி நான்கு குனிந்த முதுகு, விரல் இடுக்கில் வழுக்குகிற தோல். உள்ளே அடுப்பில் காபி கருகிக்கொண்டிருந்தது.

"உட்காருற ஓட்டையைப் பாருங்கடி," என்றாள் அபெலோனெ. "வயித்தை எக்கிப் பிடிச்சுக்கிட்டே அளவு எடுத்திருக்கான்."

"ரெண்டு வருஷமா நின்னுக்கிட்டே வேலை. கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்டாரு," என்றாள் ரெகினெ நாசூக்காக.

"பூசினாப்புலயா? வெண்ணெய் எண்ணெய்னு தடவித்தான் உள்ள இறக்கணும்."

"அக்கா, தையலைப் பாத்துப் போடுங்க," என்றாள் போலெத்தே.

"என் தையலைப் பத்தி எங்கிட்டயே சொல்லுறியா? என் தையல்ல தண்ணி ஒழுகினதா ஒருத்தன் வந்து சொல்லட்டும்."

"ஒழுகினவன் எப்படி வந்து சொல்லுவான்?" என்றாள் மக்ரேத்தெ, தலை நிமிராமல்.

எல்லாரும் சிரித்தார்கள். போலெத்தேவும் சிரித்தாள், பிறகு தான் போட்ட தையலை விரலால் தடவினாள். இரட்டைத் தையல். எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் அது தண்ணீரைத்தான் வெளியே நிறுத்தும். உள்ளேயிருந்து வருவதற்குத் தையல் கிடையாது.

தோல் காய்ந்து தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கொடுத்தது. அப்புறம்தான் போலெத்தே காற்றுக்குக் காத்திருக்கத் தொடங்கினாள். ஆகஸ்ட் நடுப்பகுதி. ஊர் முழுக்க நல்ல வெயிலைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. சிறு மீனைப் பாறைமேல் பரப்பிக் காயவைத்து, துணி துவைத்து உலர்த்தி, ஒவ்வொரு காலையும் "ஆகா, இன்னைக்கும் அசையாத நாளு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். போலெத்தே மட்டும் எழுந்ததும் வெளியே போய்ச் சுண்டுவிரலை நக்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, முகம் சுருங்கி உள்ளே வருவாள். தோலுக்கு இன்னொரு தரம் கொழுப்பு தேய்க்க வேண்டும் என்பாள். தேய்ப்பாள். மறுநாளும் தேய்ப்பாள்.

"இதுக்கு மேல தேய்ச்சா கயாக் தானா வழுக்கிக்கிட்டுக் கடலுக்குள்ள போயிரும்," என்றான் யுஸ்தூஸ்.

"காற்று வரட்டும்."

"போலெத்தே."

"காற்று வரட்டும்னு சொன்னேன்."

அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லை. அந்த வீட்டில் அந்தப் பயத்துக்குப் பெயர் கிடையாது. காற்று என்று சொன்னால் அதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் தென்மேற்கிலிருந்து காற்று வந்தது. பெரிய காற்றில்லை, அலையின் தலை வெளுக்கிற அளவு. போலெத்தே புருஷனை உலுக்கி எழுப்பினாள்.

இங்கேதான் கங்கார்சுக் தன் பிறவியிலேயே முதல்முறையாக ஒரு நாகரிகமான காரியம் செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. யுஸ்தூஸ் கயாக்கைத் தோளில் ஏற்றுவதைப் பார்த்ததுமே ஆண்கள் தங்களுக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பயந்த மனுஷன் முதல்முறை இறங்குகிறான், நாம் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? கெர்த்தே முன்னால் நின்று, "வாங்க, வடக்குக் குடாவுக்குப் போவோம், அங்க மீன் நல்லாருக்கு" என்று எல்லாரையும் கிளப்பினான். உபதேசியாரும் பைபிளை மூடிவிட்டு அவர்களோடு போனார். அரைமணி நேரத்தில் கரையில் ஒரு கயாக் மிச்சமில்லை. பெண்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். அப்படி ஒரு மரியாதை.

திரைக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி எல்லா வீட்டிலும் இருந்தது என்பது வேறு விஷயம்.

யுஸ்தூஸ் உட்கார்ந்தான், பாதி உட்கார்ந்தான், மூச்சைப் பிடித்து மீதியும் உட்கார்ந்தான். தண்ணீர் உள்ளே புகாமலிருக்க அவன் இடுப்பில் மாட்டியிருந்த தோல் அரைச்சட்டையின் ஓரத்தை ஓட்டையின் விளிம்பில் இழுத்துக் கட்டினாள் போலெத்தே.

"இறுக்கமா இருக்கா?"

"இனிமே வெளிய வரணும்னா நீதான் அறுத்து எடுக்கணும்."

"கல்தீவு வரைக்கும் போ. அதைத் தாண்டாதே."

"சரி."

"ரெண்டு மீன் போதும்."

"சரிங்கிறேன்ல."

அவன் போனான். முதல் நான்கைந்து துடுப்புப் போடும்போது கயாக் புதுக் குதிரை மாதிரி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடியது. பிறகு அலையோடு சேர்ந்துகொண்டது. போலெத்தேவின் தோள் அவளுக்குத் தெரியாமலே அவனோடு சேர்ந்து இடமும் வலமும் சாய்ந்தது. கல்தீவுக்கு அருகில் நின்று அவன் தூண்டில் கயிற்றை இறக்குவது தெரிந்தது. ஒரு மீன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மீன். அவள் வீட்டுக்குள் போய்ப் பானையில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள்.

வந்தபோது காற்று நின்றிருந்தது.

கொடியில் தொங்கிய துணிகள் செங்குத்தாகத் தொங்கின. கொட்டகைப் புகை நேராக மேலே போயிற்று. கல்தீவும் அதன் தலைகீழ் நிழலும் ஒட்டிக்கொண்டு நின்றன, நடுவில் ஒரு கறுப்புக் கோடு: யுஸ்தூஸ். துடுப்பு அவன் மடியில் குறுக்காகக் கிடந்தது. அது அசையவில்லை. போலெத்தே நூறு எண்ணினாள். இன்னொரு நூறு எண்ணினாள்.

பின்னால் கதவு திறந்தது. பிறகு இன்னொரு கதவு. அபெலோனெ ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வந்தாள். மக்ரேத்தெ கையெல்லாம் மாவு. ரெகினெ கையில் காபிக் கெண்டி, அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"எவ்வளவு நேரமா?" என்றாள் மக்ரேத்தெ.

"நான் பாக்கிறப்போ இருந்தே அப்படித்தான்," என்றாள் அபெலோனெ. பிறகு, "நான் பாக்கல. தற்செயலா ஜன்னல் பக்கம் வந்தேன்."

"ஆம்பளைங்க?"

"வடக்குக் குடாவுல. மரியாதை பண்ணிக்கிட்டு இருக்கானுங்க."

வடக்குக் குடாவுக்கு ஆள் நடந்து போய்ச் சொல்லி அவர்கள் வர அரைநாள் ஆகும். யாரும் அதைச் சொல்லவில்லை. நான்கு பேரும் தாங்கியில் கவிழ்த்துப் போட்டிருந்த பெண்கள் வலிக்கிற பெரிய தோல்படகைப் பார்த்தார்கள். வசந்தகாலத்துக்குப் பிறகு தண்ணீர் காணாத தோல், காய்ந்து தையல் விட்டிருந்தது. ஊறவைக்க ஒரு நாள் வேண்டும்.

"ஒழுகும்," என்றாள் ரெகினெ.

"கெண்டி இருக்கில்ல, இறைங்க," என்றாள் போலெத்தே.

அந்தப் படகைத் தூக்க எப்போதும் எட்டுப் பேர் வேண்டும். அன்று மற்ற வீட்டுப் பெண்கள் வந்து சேர்வதற்குள் நான்கு பேரே தூக்கிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்து திசை பார்ப்பது ஆண்பிள்ளை வேலை. அங்கே போலெத்தே உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தாள். அபெலோனெயும் மக்ரேத்தெயும் வலித்தார்கள். ரெகினெ கெண்டியால் இறைத்தாள். தண்ணீர் கணுக்கால் வரை வந்தது.

பாதி தூரத்தில் போலெத்தே சொன்னாள்: "யாரும் கத்தக் கூடாது. பதறிக்கிட்டுப் போனா திடுக்கிட்டுத் திரும்பிருவாரு. அக்கா, நீங்க பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"எப்பவும் பேசுறதை."

ஐம்பத்திரண்டு வயசில் முதல்தடவையாக அபெலோனெக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கடைக்கார அம்மாவோட கோழி இருக்கே..."

"சத்தமா," என்றாள் போலெத்தே.

"கடைக்கார அம்மாவோட கோழி இருக்கே! கப்பல்ல கூடையில வச்சுக் கொண்டாந்தாளே, மூணு! ஜூன் மாசம் முழுக்கச் சூரியன் மறையலையா, அதுங்களுக்கு எப்பத் தூங்குறதுன்னே தெரியல! கூண்டுக்குள்ள போறதும் வெளிய வர்றதுமா! கடைசியில அந்த அம்மா என்ன பண்ணினா தெரியுமா, புருஷனோட கறுப்புக் கோட்டை எடுத்துக் கூண்டு மேல போர்த்தி, ராத்திரி ஆயிருச்சுன்னு கோழிக்குப் பாட்டுப் பாடியிருக்கா!"

"நிஜமாவா?" என்றாள் ரெகினெ, இறைப்பதை மறந்து.

"இறைங்க," என்றாள் மக்ரேத்தெ.

யுஸ்தூஸின் முதுகு தெரிந்தது. பலகை மாதிரி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு அமைதியில் அவன் மூச்சு சின்னச் சின்னத் துண்டாக வெளியே வருவது கேட்டது. அபெலோனெ நிறுத்தவில்லை. கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டு இல்லாமல் கோவிலுக்கு வந்ததையும், அடுத்த வாரம் போட்டு வந்த கோட்டில் இறகு ஒட்டியிருந்ததையும் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் வழக்கமான வம்புக் குரலாகவே இருந்தது.

போலெத்தே துடுப்பை நீட்டினாள். துடுப்பின் நுனி கயாக்கின் வால் பக்கம் பட்டது. மெதுவாக அழுத்தினாள். தான் போட்ட தையலின் மேலேயே.

படகுக்குள் தண்ணீர் சளசளத்தது.

பிறகு அவன் கேட்டான், திரும்பாமல்: "எந்தக் கோழி?"

"வெள்ளைக் கோழி," என்றாள் அபெலோனெ. சொல்லிவிட்டுத் துடுப்பின்மேல் கவிழ்ந்து குலுங்கினாள்.

அவன் விரல் ஒன்று ஒன்றாகப் பிரிந்தது. மூச்சு முழு மூச்சாக வந்தது. "நீங்க எல்லாம் எங்க கிளம்பினீங்க?"

"பெர்ரிப் பழம் பறிக்க," என்றாள் போலெத்தே.

அவன் மெல்லத் தலையைத் திருப்பிப் படகைப் பார்த்தான். மாவுக் கை. ஒற்றைப் பூட்ஸ்.

"வாளி எங்க?"

ரெகினெ காபிக் கெண்டியைத் தூக்கிக் காட்டினாள். அவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான்.

மக்ரேத்தெ போலெத்தேவின் காதருகில் குனிந்தாள். "கயித்தைப் போட்டுக் கட்டிருவோம். படகோட சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரலாம்."

அது சரியான யோசனை. பத்திரமான யோசனை. கட்டி இழுத்துக்கொண்டு போனால் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான், அப்புறம் சாகிறவரைக்கும் கொட்டகையில் மீன் வகிர்வான். போலெத்தே கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"போலெத்தே," என்றான் அவன். "துடுப்பை எடு."

"கொஞ்சம் பொறு."

"எடுன்னா எடு. பேச்சை மட்டும் நிறுத்தாதீங்க."

அவள் கயிற்றைக் கீழே போட்டாள். துடுப்பைத் தூக்கினாள். அரை விரல்கடை, ஒரு சாண். கயாக் ஒருமுறை ஆடியது. அவன் துடுப்பை வலப்பக்கம் போட்டான். பிறகு இடப்பக்கம். "அப்புறம் கோழிக்கு என்னாச்சு மதினி?" என்றான். அபெலோனெ மூக்கைச் சிந்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கரை வரைக்கும் அந்த மூன்று கோழிகளுக்கு நேராதது ஒன்றும் பாக்கியில்லை. முக்கால்வாசி அவளே அந்த நேரத்தில் பெற்றெடுத்தது.

சாயங்காலம் ஆண்கள் வந்தபோது, புதுக் கயாக்கின் முதல் மீன் முறைப்படி பதினொரு வீட்டுக்கும் போயிருந்தது. இரண்டு மீன், பதினொரு பங்கு. ஒரு வீட்டுக்கு இரண்டு வாய்கூட வராது. கெர்த் தன் பங்கைத் தின்றுவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மக்ரேத்தெ அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். போலெத்தேவிடம் வந்து நின்றான்.

"நாங்க மரியாதைக்காகத்தான் போனோம்."

"உங்க மரியாதை அவரைக் கொன்னிருக்கும், மச்சான்."

கெர்த்துக்கு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "எனக்கும் ஒரு தடவை வந்திருக்கு. அப்பாவுக்கும் வந்திருக்கு. யாரும் சொல்ல மாட்டோம்." பிறகு உள்ளே இருந்த தம்பியைப் பார்த்துத் தன் பழைய குரலில் கத்தினான்: "என்னடா, எங்ககூட வர்றியா இல்லையா?"

"இல்லை," என்றான் யுஸ்தூஸ். "இங்க பெர்ரி நிறைய இருக்கு."

அதற்குப் பிறகு கங்கார்சுக்கில் பெர்ரி பறித்தது போல எந்த ஊரிலும் பறித்திருக்க மாட்டார்கள். படகைத் தண்ணீரிலேயே ஊறப்போட்டு வைத்தார்கள். காற்றடிக்கிற நாளில் யாருக்கும் பெர்ரி நினைப்பே வராது. கடல் அசையாமல் கிடக்கிற காலையில், யுஸ்தூஸ் கயாக்கைத் தூக்குகிற அதே நேரத்துக்கு, நான்கு வீட்டிலிருந்தும் நான்கு பெண்கள் வாளியோடு புறப்படுவார்கள். அவன் கல்தீவில் மீன் பிடிப்பான். இவர்கள் நூறு முழத்தில் படகை நிறுத்திக்கொண்டு, தண்ணீரில் பெர்ரி விளைகிற மாதிரி உட்கார்ந்து பேசுவார்கள். செப்டம்பர் கடைசியில் கெர்த் கிளம்பினான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பானை கறி தின்றார்கள். மக்ரேத்தெயின் இடத்துக்குக் கொட்டகையிலிருந்து இன்னொருத்தி வந்தாள். அந்த இடத்துக்கு ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.

அக்டோபரில் முதல் பனி விழுந்தது. மலைச்சரிவு முழுக்க வெளுத்து, ஒரு பெர்ரிகூடக் கண்ணில் படாமல் மூடிப்போயிற்று. மறுநாள் காற்றில்லை. கடல் கண்ணாடி. அபெலோனெ வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து போலெத்தேவின் கதவைத் தட்டினாள்.

"என்னடி, பெர்ரி பறிக்க வரலையா? பழுத்துக் கொட்டுது."

கல்தீவு வரைக்கும் வழக்கம்போல. அபெலோனெ அன்று உபதேசியாரின் சித்தப்பா மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி ஆரம்பித்திருந்தாள். பெரிய விஷயம், சுருக்கமாகச் சொல்லக்கூடியதில்லை. யுஸ்தூஸ் கல்தீவில் நிற்கவில்லை. தூண்டிலை எடுக்கவுமில்லை. ஈட்டி முன்னால் கட்டியபடி, தீவைச் சுற்றிக்கொண்டு வெளிப்பாறைகளின் பக்கம் போனான். சீல் வருகிற இடம் அதுதான். அபெலோனெ குரலை உயர்த்தினாள். அவன் சின்னதாகிக்கொண்டே போனான். அவள் எழுந்து நின்று, கையைக் குவித்துக் கத்தினாள்: மாப்பிள்ளைக்கு ஒரு காது கேட்காது என்பதை அந்தக் கடலில் கேட்காதவர்கள் இருக்க முடியாது.

"போதும் அக்கா," என்றாள் போலெத்தே.

"என்ன போதும்? அவனுக்குக் கேக்கணும்ல?"

"கேக்காது. அவரு நம்ம சத்தத்தைத் தாண்டிப் போயி ரொம்ப நேரமாச்சு."

அபெலோனெ கையை இறக்கினாள். கண்ணாடித் தண்ணீரில் அந்தக் கறுப்புக் கோடு, இருபக்கமும் மாறி மாறி மின்னுகிற துடுப்போடு, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு முகமே விழுந்துவிட்டது.

"நான் பாதிக் கதையில இருக்கேன்டி!"

போலெத்தே கண்ணை எடுக்காமல், திசைத் துடுப்பை மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லுங்க," என்றாள். "எந்தக் காது?"